நாய் இருமினால்...

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நம் வீட்டைக் காக்கும்” என்று இரண்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். நாய்க்கு இருமல் வரும் என்று அந்தக் கட்டுரையில் நம்முள் ஒருவரும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கற்றுத் தரவுமில்லை.

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரைகள் வேண்டுமென்று சிஸ்டர் வகுப்பில் கேட்டபோது, சந்திரயானைப் பற்றி எழுத நால்வரும் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுத அறுவரும் உடனே எழுந்து நின்றார்கள். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் இது ஒன்றுதான். தெரிந்துகொண்ட விதம் மகிழ்ச்சியானது அன்று. இருந்தாலும் நம் பள்ளித் தோழியர் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறார்கள் என்பதால் எழுதத் துணிந்தோம்.

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு அப்போது நான்கு வயது. சாதி நாய் அல்ல. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். 2023 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பாட்டி ஊருக்குப் போனோம். பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆகவே நாய்களைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் ஓரிடத்தில் டிசம்பர் 23 ஆம் நாள் ஜிம்மியை விட்டுச் சென்றோம். அங்கே ஒரே கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருந்தன. தண்ணீருக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொட்டி. அன்று அது எங்கள் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. ஊசி போட்ட அட்டையை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள்தாம் வெட்கப்பட்டிருப்போம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் முகாமில் போட்டுவிடுவோம். மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியோ மூன்று ஆண்டுகளாக ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

28 ஆம் நாள் திரும்பி வந்து ஜிம்மியை அழைத்து வந்தோம். வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் வந்தது. டிசம்பர் 31 இரவு திருப்பலிக்குப் புறப்படும் நேரத்தில் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. வாத்து கத்துவது போன்ற வறண்ட, உரத்த ஒலி. இரண்டு, மூன்று, நான்கு என்று தொடர்ந்து வந்தது. கழுத்தை முன்னே நீட்டி, முழங்கையை அகற்றி நின்றுகொண்டு இருமிற்று. கடைசியில் ‘ஓக்’ என்று ஓங்கரித்து ஒரு கரண்டி வெண்ணுரையைத் தரையில் கக்கிற்று. பின் ஒன்றும் நடவாதது போல எங்களைப் பார்த்தது.

“எலும்பு சிக்கிவிட்டது” என்றார் பாட்டி. எங்களோடு புத்தாண்டு கொண்டாட வந்திருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அதுவே சரியென்று பட்டது. ஏனெனில் அன்று மதியம் கோழிக் குழம்பு. எலும்பைக் கீழே தள்ள வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து விழுங்க வைத்தோம். வாழைப்பழம் கொடுத்தோம். இருமல் நிற்கவில்லை. அப்பா அதன் வாயைப் பிளந்து, இரண்டு விரல்களைத் தொண்டை வரை விட்டுத் துழாவினார். எலும்பு அகப்படவில்லை. அவருடைய ஆள்காட்டி விரலில் பல் கீறி இரத்தம் கசிந்ததுதான் மிச்சம். காலையில் பாட்டி கற்பூரவல்லிச் சாற்றைத் தேனில் குழைத்தார். அம்மா தலையை நிமிர்த்திப் பிடிக்க, நாங்கள் வாயின் ஓரத்தில் ஊற்றினோம். அது இருமிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினோம். சாறு புரையேறி, நாய் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தபின்தான் பயம் வந்தது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஜனவரி 2 ஆம் நாள் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டில் இரவெல்லாம் இருமிய நாய், டாக்டர் அம்மாவின் மேசைமேல் ஏறியதும் ஒருமுறைகூட இருமவில்லை! நல்ல வேளையாக அம்மா முதல்நாள் இரவே கைப்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். “நூற்றில் ஒருவர்தான் இப்படிச் செய்கிறார்கள்” என்று டாக்டர் அம்மா பாராட்டினார். இருமலை வாயால் நடித்துக் காட்டுவதைவிட அரை நிமிடப் படம் ஆயிரம் மடங்கு மேலாம். இருமலா, வாந்தியா, தும்மலா என்பதே பலருக்குத் தெரிவதில்லையாம். வாந்தி எடுக்கும் நாய்க்கு முதலில் வயிறு எக்கி எக்கி அசையும், உண்டது வெளியே வரும். இருமும் நாய் முதலில் இருமும், பிறகே ஓங்கரிக்கும், நுரையோ சளியோதான் வரும். இன்னும் சில நாய்கள் நின்ற இடத்தில் விறைத்து, மூக்கால் காற்றை உள்ளே இழுத்து இழுத்துக் குறட்டை போன்ற ஒலி எழுப்பும். அதற்குப் பின்தும்மல் என்று பெயர். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் அரை நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

தொண்டைக்குழிக்குக் கீழே, கழுத்தின் முன்புறம், டாக்டர் அம்மா இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தினார். உடனே அதே வாத்துச் சத்தம்! “எலும்பு இல்லை. மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கிறது” என்றார்.

பிறகு அப்பாவின் விரல் கட்டைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னோம். அதுவரை சிரித்துப் பேசியவர் முகம் மாறிவிட்டது. “தொண்டையில் ஏதோ சிக்கியது போல் ஒரு நாய் தவித்தால், எச்சில் ஒழுகினால், குரல் மாறினால், வாயில் கைவிடாதீர்கள். வெறிநோய் கண்ட நாய்க்குத் தொண்டைத் தசைகள் செயலிழந்து, விழுங்க முடியாமல் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். எலும்பை எடுக்கப் போய் நோயை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு” என்றார். ஜிம்மியின் வெறிநோய் ஊசி அட்டை சரியாக இருந்தது. நாயும் தெளிவாகத் தின்று குடித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அப்பாவை அங்கிருந்தே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். பல்லோ நகமோ கீறினால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். நாங்கள் செய்தது மஞ்சள் வைத்துக் கட்டியது மட்டுமே. லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி போட்டதை நாம் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். படித்தது வீட்டில் விரல் கீறியபோது நினைவுக்கு வரவில்லை.

இனி இருமல் என்பது என்ன என்று பார்ப்போம். மிளகாய் தாளிக்கும்போது நாம் யோசித்தா இருமுகிறோம்? இருமல் ஓர் அனிச்சைச் செயல். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அதன் பெரிய கிளைகளிலும் உணர்வு நரம்பு நுனிகள் இருக்கின்றன. தூசியோ சளியோ அவற்றைத் தீண்டினால் செய்தி முகுளத்துக்குப் போகிறது. முகுளம் கட்டளையிட, நுரையீரல் காற்றை நிறைய இழுத்துக்கொள்கிறது. குரல்வளை வாயில் மூடிக்கொள்கிறது. நெஞ்சுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகி, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. திடீரென்று வாயில் திறக்க, காற்று வேகமாக வெளியே பாய்கிறது, வேண்டாததையும் தள்ளிக்கொண்டு போகிறது. நமக்கும் நாய்க்கும் இது ஒன்றேதான். ஆகவே இருமல் தன்னளவில் நோய் அன்று. வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று ஜிம்மி குரைக்கிறதல்லவா, அதைப் போன்றது. குரைப்பை அடக்கிவிட்டால் வந்தவன் போய்விடுவானா?

ஜிம்மிக்கு வந்ததை ஆங்கிலத்தில் ‘கென்னல் காஃப்’ என்கிறார்கள். பல நாய்கள் கூடியிருக்கும் கொட்டகையில் பரவுவதால் அந்தப் பெயர். நாய்க்கொட்டில் இருமல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரே கிருமியால் வருவதன்று இது. பாரா இன்ஃபுளூயன்சா வைரஸ், அடினோ வைரஸின் இரண்டாம் வகை, போர்டடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா ஆகியவை தனித்தோ கூட்டாகவோ தாக்குகின்றன. போர்டடெல்லா என்ற பெயர் எங்களை மிகவும் கவர்ந்தது. பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜூல் போர்டே என்பவர் 1906 ஆம் ஆண்டு ஜாங்கு என்பவருடன் சேர்ந்து, குழந்தைகளின் கக்குவான் இருமலுக்குக் காரணமான கிருமியைப் பற்றி வெளியிட்டார். 1919 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வேறொரு கண்டுபிடிப்புக்காகக் கிடைத்தது. அவர் பெயரைத்தான் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கு வைத்திருக்கிறார்கள். நம் தம்பி தங்கையர்க்குப் போடும் முத்தடுப்பூசியில் ஒன்று கக்குவானுக்கானது. அந்தக் கக்குவான் கிருமியும் ஜிம்மியின் கிருமியும் ஒரே குடும்பத்து உறவுகள்!

மூச்சுக்குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் வயல் நாற்றுப்போல் அசைந்து, சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளியபடியே இருக்கும். போர்டடெல்லா வந்து ஒட்டிக்கொள்வது இந்த இழைகளின்மேல்தான். இழைகள் ஓய்ந்துவிட்டால் பெருக்க ஆளில்லாத வீடு போல உள்ளே குப்பை சேர்கிறது, மற்ற கிருமிகளும் குடியேறுகின்றன. தொற்றிய இரண்டு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் இருமல் தொடங்கும். திடமான, வளர்ந்த நாயாக இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பெரும்பாலும் குணமாகிவிடும். ஜிம்மிக்கும் அப்படியே ஆயிற்று. ஜனவரி 17 ஆம் நாளுக்குப் பிறகு அது இருமவில்லை.

எழுத வேண்டியதில் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம்.

எங்கள் எதிர்வீட்டில் ரோசி என்று ஒரு குட்டி இருந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த, ஒன்பது வாரமே ஆன குட்டி. அந்த வீட்டுத் தங்கை நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள், இந்த மலரையும் வாசிப்பாள். டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் ரோசியைக் கொண்டுவந்து ஜிம்மியோடு விளையாடவிட்டாள். இரண்டும் ஒரே வட்டிலில் பால் குடித்தன. ஜிம்மிக்கு அப்போது இருமல் தொடங்கவில்லை. அதுவரை எங்கள் குற்றமில்லை என்று சொல்லலாம். ஆனால் ஜனவரி 1 ஆம் நாள் மாலையிலும் அவள் வந்தாள். ஜிம்மி இருமிக்கொண்டிருந்தது. “ஒன்றுமில்லை, எலும்புதான்” என்று நாங்களே சொல்லி ரோசியை உள்ளே விட்டோம்.

இருமும் நாயின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தெறிக்கும் நுண்துளிகளே அடுத்த நாய்க்குப் போதும். தண்ணீர்ப் பாத்திரமும் போதும், தடவிய நம் கையும் போதும். மருத்துவமனையிலிருந்து வந்தவுடன் எதிர்வீட்டுக்குச் சொல்லிவிட்டோம். ஆனால் ரோசிக்கு ஒரு தடுப்பூசியும் போட்டாகவில்லை. முதல் ஊசிக்கு அந்த வாரம்தான் நாள் குறித்திருந்தார்கள். ஜனவரி 6 ஆம் நாள் இருமலும் மூக்கில் மஞ்சள் சளியும் கண்டன. மறுநாள் பால் குடிக்கவில்லை. குட்டிகளுக்கு மூச்சுக்குழாய் மிகக் குறுகியது, எதிர்ப்புச் சக்தியும் குறைவு, நோய் எளிதில் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகிவிடுகிறது. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில் இருமலைத் தூண்டும் நரம்பு நுனிகள் ஏறக்குறைய இல்லை. ஆகவே நோய் ஆழத்துக்குப் போனதும் சத்தமான இருமல் குறைந்து, ‘கப் கப்’ என்று சிறு இருமலாகிவிடலாம். எதிர்வீட்டில் அதைத்தான் தேறிவருவதாக நினைத்தார்கள். எண்ணியிருக்க வேண்டியது மூச்சை. ரோசியின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசிகள் போட்டார்கள். ஜனவரி 11 ஆம் நாள் விடியற்காலையில் அது இறந்துவிட்டது.

அந்தத் தங்கை எங்களோடு சண்டை போடவில்லை. பள்ளிக்குப் போகும்போது மட்டும் தெருவின் மறுபக்கமாக நடந்தாள். எங்கள் அம்மா போய்ப் பேசினார், அவர்களுடைய அம்மா “நீங்கள் என்ன செய்வீர்கள்” என்றார். ஆனால் நாங்கள் செய்திருக்கக் கூடியது இருந்தது. இருமுகிற நாயை மற்ற நாய்களிடம் விடாமல் இருந்திருக்கலாம். காரணம் தெரிகிறவரை எந்த இருமலையும் தொற்றும் இருமலாகவே எண்ண வேண்டும் என்பதை எங்களுக்கு ரோசிதான் கற்றுக்கொடுத்தது. இருமல் நின்ற பின்னும் இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். சில நாய்கள் குணமான பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை கிருமியை வெளிவிடுவதுண்டாம்.

எல்லா இருமலும் கொட்டில் இருமல் என்று எண்ணிவிடவும் கூடாது. அந்தத் தவற்றையும் நாங்கள் ஏறக்குறையச் செய்துவிட்டோம். ஜனவரிக்குப் பிறகு தெருவில் எங்களுக்கு நாய் வைத்தியர் என்ற பெயர் வந்துவிட்டது. அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் 12 வயதுப் பொமரேனியன் வளர்க்கிறார். “பாப்பா, ராத்திரியானால் இருமுகிறது” என்று கேட்டார். “இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் சார்” என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, “அந்த நாய் வெளியிலேயே போவதில்லையே, எங்கிருந்து தொற்றும்?” என்று கேட்டார். உடனே திரும்பி ஓடிப் போய், நாங்கள் சொன்னதை மறந்துவிடச் சொன்னோம்.

அதற்கு வந்திருந்தது இதய நோய். இதயத்தின் இடப்பக்கத்து ஈரிதழ் வால்வைப் பாடத்தில் படமாக வரைந்திருக்கிறோம். சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது அந்த இதழ்கள் தடித்துச் சுருண்டு, சரியாக மூடாமல் போகின்றன. இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. ‘லப் டப்’ என்ற ஒலிக்கு நடுவே ‘ஸ்ஸ்’ என்று காற்றடிப்பது போன்ற ஒலி கேட்கும். இடப்பக்கம் பெருத்துப் போன இதயம் மேலே இருக்கும் மூச்சுக்குழல் கிளையை அழுத்தலாம், நுரையீரலில் நீரும் கோக்கலாம். படுத்தால் இருமல், நடந்தால் களைப்பு. இதற்குக் கற்பூரவல்லியும் பயன்படாது, இருமல் மருந்தும் பயன்படாது. நீரைப் பிரித்து வெளியேற்றும் மாத்திரையும் இதயத்துக்கு வலுவூட்டும் மாத்திரையும் தினமும் தர வேண்டும். வாத்தியார் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஒவ்வோர் இரவும் நாய் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி அதில் குறித்து வைக்கிறார். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. தூங்கும் நாய்க்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறினால், இருமாவிட்டாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் ஆங்கில ‘சி’ எழுத்தின் வடிவில் இருக்கும். அவை தளர்ந்தால் குழாய் ஈரமான காகிதக் குழல் போலத் தட்டையாகிறது. விருந்தாளி வந்த உற்சாகத்திலும், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும்போதும் இருமும். கழுத்தில் பட்டை போடாமல் மார்பைச் சுற்றும் வார் போட்டாலே பாதித் தொல்லை குறையும். பருமனையும் குறைக்க வேண்டும். நாங்கள் பார்த்தவரையில், இவற்றுக்கு யாரும் பிஸ்கட்டைக் குறைப்பதில்லை.

குட்டிகள் இருமினால் புழுவையும் நினைக்க வேண்டும். உருளைப் புழுவின் இளம்புழுக்கள் குடலிலிருந்து நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்கே வருகின்றன. என்ன சுற்றுப் பயணம் பாருங்கள்! கொசுக்கடியால் பரவி, இதயத்திலும் நுரையீரல் தமனிகளிலும் ஓர் அடி நீளம்கூட வளரும் இதயப்புழு என்றொரு வகையும் உண்டு. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் அது காணப்படுகிறது. இவை எல்லாவற்றிலும் கொடியது டிஸ்டெம்பர். 1905 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்ரே அதற்குக் காரணம் வைரஸ் என்று காட்டினார். நம் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு அது. இருமலோடு காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சீழ், வயிற்றுப்போக்கு, பிறகு தசைத் துடிப்பும் வலிப்பும் வரும். வந்த பின் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வருமுன் ஊசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். பின்னர் ஓர் ஆண்டு கழித்து ஒன்று, அதன்பின் டாக்டர் குறிக்கும் நாளில். அடினோ, பாரா இன்ஃபுளூயன்சா வைரஸ்களுக்கும் அதிலேயே காப்பு இருக்கிறது. போர்டடெல்லாவுக்கு மூக்கில் விடும் தனி மருந்து உண்டு. நாயை வெளியே தங்க வைக்கப் போகிறவர்கள் ஒரு வாரமாவது முன்னதாக இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை, வந்தாலும் இலேசாகப் போகும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று பல தோழியர் கேட்கிறார்கள். செய்யக் கூடாததே அதிகம். நம் அலமாரியிலுள்ள இருமல் டானிக்கையும் காய்ச்சல் மாத்திரையையும் தொடவே கூடாது. பாரசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கோ ஒரு மாத்திரையே எமன். இபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சில மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. நமக்குத் தீங்கற்ற அது, நாயின் இரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்தில் அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். தலையை நிமிர்த்தி எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போனால் நாமே நிமோனியாவை ஊற்றியதாகும். ஜிம்மி தப்பியது கடவுள் செயல்.

டாக்டர் அம்மா எங்களைச் செய்யச் சொன்னவை எளியவை. கழுத்துப்பட்டையைக் கழற்றினோம். ஓடவிடாமல் காற்றோட்டமான பின்கட்டில் படுக்க வைத்தோம். வெந்நீர் நிறைந்த குளியலறையில் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்திருந்தோம், நீராவி சளியை இளக்கும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாவற்றையும் நிறுத்தினோம். போகி அன்று தெருவெல்லாம் பழம் பாயும் டயரும் எரிந்தபோது, சன்னல்களை அடைத்து ஈரத்துணி தொங்கவிட்டோம். ஆனாலும் அன்று மட்டும் 20 தடவைக்கு மேல் இருமிற்று. சோற்றைக் குழைவாகக் கொடுத்தோம். இருமல் எத்தனை தடவை, எந்நேரம் என்று நோட்டில் எழுதினோம்.

சில வேளைகளில் நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும். ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலோ, இரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, உணவை மறுத்தாலோ தாமதிக்கக் கூடாது. ஈறு நன்றாக இருக்கும்போது என்ன நிறம் என்று முன்பே பார்த்து வைத்திருந்தால்தான் மாறியது தெரியும். ஜிம்மிக்கு ஈறு பாதி இயற்கையிலேயே கறுப்பு. அதனால் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். குட்டியும் கிழ நாயும் இருமினால் ஒருநாள்கூடப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் எதிர்வீட்டில் மறுபடியும் ஒரு குட்டி வாங்கினார்கள். எட்டு வாரக் குட்டி. வந்த மூன்றாம் நாளே முதல் ஊசி. ஜிம்மிக்கு இருமல் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது, கூட்டுத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அதனால் இனிப் பயமில்லை என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் ஜிம்மியை முன்வாசலில் கட்டுவதை நாங்களே விட்டுவிட்டோம். ஆகஸ்டு முதல் வாரத்தில் கடைசி ஊசி முடிந்தது. அந்தச் சனிக்கிழமை மாலை எங்கள் கேட்டை யாரோ தட்டினார்கள். கையில் குட்டியையும் அதன் ஊசி அட்டையையும் பிடித்துக்கொண்டு அந்தத் தங்கை நின்றாள்.

“அக்கா, ஜிம்மியின் அட்டையைக் காட்டுங்கள்” என்றாள்.

எடுத்து வந்து காட்டினோம். தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு குட்டியைக் கீழே விட்டாள்.